கடற்கரைக் கோயில் மண்டபத்துக்குத் தளம்: பம்பு பைப் ஏன் அடைக்கிறது?

கேட்டிருப்பது இதுதான்: மொரிசியஸ் கிழக்குக் கரை, பெல் மார் பக்கம், கடலிலிருந்து சுமார் 200 மீட்டரில் கோயில் மண்டபம். மேல்தளம் 14 மீட்டருக்கு 12 மீட்டர், கனம் 150 மி.மீ., குறுக்கே நான்கு பீம், சுற்றிலும் பீம், நடுவில் ஒரு தூண் வரிசை. தெருவோரம் மின்கம்பி போகிறது, முற்றம் முழுக்க மணல். தூண்களுக்குக் காங்கிரீட் போட்டபோது லைன் பம்பின் (தரையில் பைப்புகளைப் பூட்டி அதன் வழியே காங்கிரீட்டைத் தள்ளும் பம்பு) பைப் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. "அடுத்த முறை தண்ணீர் கூட்டிக்கொள்ளலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். தைப்பூசக் காவடிக்கு முன் தளம் முடிய வேண்டும். பூம் பம்பு எடுப்பதா, லைன் பம்பே போதுமா?

பம்பு வகை எளிதில் முடிகிற விஷயம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூம் பம்பு, அதாவது மடக்கி நீட்டும் இரும்புக் கையில் பைப் பொருத்திய பம்பு, நல்ல வண்டிதான். பைப் பூட்டிக் கழற்றும் வேலையே இல்லை, கை எட்டுகிற இடமெல்லாம் காங்கிரீட் விழும். ஆனால் உங்கள் இடத்தில் அது இரண்டு காரணத்தால் சரிப்படாது. ஒன்று மின்கம்பி. பூம் எந்த நிலையில் இருந்தாலும் கம்பிக்கும் அதற்கும் 6 மீட்டராவது இடைவெளி வேண்டும். பூம் தெருவிலிருந்து முற்றத்துக்குள் நீள வேண்டுமென்றால் கம்பியைத் தாண்டித்தான் போகும், அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. மின்வாரியத்திடம் கேட்டு அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் செய்தால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது மணல். 30 மீட்டருக்கு மேல் நீளும் பூம் வண்டி சாயாமல் நிற்க ஊன்றும் கால்களில் ஒன்றிலேயே 15 டன்னுக்கு மேல் பாரம் இறங்கும். தளர்ந்த கடற்கரை மணல் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்று வைத்தாலே ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை சதுர மீட்டர் பரப்புள்ள அடிப்பலகை தேவை. அதாவது பக்கத்துக்குச் சுமார் 1.25 மீட்டர். வண்டியோடு வரும் சின்னப் பலகை போதாது. இதோடு செப்டிக் டேங்க் தொல்லையும் உண்டு. கரையோரக் கட்டடங்களில் அதுவும் உறிஞ்சு குழியும் முற்றத்தில்தான் புதைந்திருக்கும், மேலே புல் வளர்ந்து தெரியாமல் கிடக்கும். கால் அதன்மேல் இறங்கினால் வண்டி சாயும். லைன் பம்புக்கு இந்தக் கவலைகள் குறைவு. ஆனால் மிக்சர் லாரி ஹாப்பர் வரை, அதாவது காங்கிரீட் வாங்கும் பம்பின் தொட்டி வரை, பின்னால் வர வேண்டும், அந்த வழியில் குழி எங்கே இருக்கிறது என்று கம்பி குத்திப் பார்த்து அடையாளம் வைத்துவிடுங்கள். மின்கம்பி இல்லாத, தரை கெட்டியான மனை என்றால் பூம்தான் எடுப்பேன். உங்களுக்கு லைன் பம்பு.

இனி உண்மையான பிரச்சினை. பைப் அடைத்ததற்குப் பம்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கலவையைப் பார்க்க வேண்டும்.

பைப்புக்குள் காங்கிரீட் தண்ணீர் போல ஓடுவதில்லை. முழுக் கட்டையாக நகர்கிறது. பைப் சுவரை ஒட்டி சிமெண்டும் நுண்மணலும் சேர்ந்த மெல்லிய சாந்துப் படலம் இருக்கும், அதன்மேல்தான் அந்தக் கட்டை வழுக்கிக்கொண்டு போகும். படலம் உள்ளவரை பம்பு தள்ளும். அழுத்தத்தில் தண்ணீர் மட்டும் கலவையை விட்டுப் பிதுங்கி வெளியேறினால், பின்தங்கும் ஜல்லிகள் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். அதுதான் அடைப்பு.

மொரிசியஸில் 2001க்குப் பிறகு கடற்கழி மணலை அள்ளத் தடை. இப்போது கட்டுமானத்துக்கு வருவது எரிமலைப் பாறையை உடைத்த மணல்தான். தமிழ்நாட்டில் எம்-சாண்ட் என்கிறோமே, அதே இனம். முனை முனையாக இருப்பதால் உருளாது, உராயும். இன்னொரு குறையும் உண்டு: பல குவியல்களில் மாவு போன்ற தூசி நிறைய இருக்கும், பெரிய துகளும் இருக்கும், நடுவில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரையிலான துகள் குறைவாக இருக்கும். அந்த இடைத்துகள்தான் தண்ணீரைப் பிடித்து வைப்பது. பம்பு போகும் மணலில் 0.3 மி.மீ. சல்லடையைத் தாண்டுவது 15 முதல் 30 சதவீதம், 0.15 மி.மீ. சல்லடையைத் தாண்டுவது 5 முதல் 10 சதவீதம் இருந்தால் நல்லது. ரெடிமிக்ஸ் ஆலையில் சல்லடைச் சோதனைத் தாள் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். இடைத்துகள் குறைந்தால் நுண்மணல் கலந்து சரிசெய்வது அவர்கள் வேலை.

ஜல்லியையும் பார்க்க வேண்டும். எரிமலைப் பாறையில் சிறு துளைகள் நிறைந்த வகை உண்டு. உலர்ந்த ஜல்லி கலவைக்குள் போனால், பம்பின் அழுத்தத்தில் அந்தத் துளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். லாரியிலிருந்து இறங்கும்போது தளதளவென்று இருந்த கலவை பைப்பின் நடுவில் இறுகிப்போவதற்கு இதுவே பெரிய காரணம். முந்தின நாளே ஜல்லிக் குவியலை நனைத்து, உள்ளே ஈரம் ஊறி, மேலே நீர் வடிந்த நிலையில் பயன்படுத்தினால் இது பெருமளவு குறையும். டிசம்பர் வெயிலில் குவியல் காய்ந்து கிடக்கும், நனைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். நனைப்பதில் ஜல்லியின் சூடும் தணியும்.

இப்போது தண்ணீர் கூட்டும் யோசனை. கூட்டினால் ஸ்லம்ப், அதாவது கலவை குழைந்து இறங்கும் அளவு, ஏறும், ஹாப்பரில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாந்து நீர்த்துப்போய் ஜல்லியைத் தாங்காமல் விட்டுவிடும், மேலே சொன்ன பிதுங்கல் இன்னும் வேகமாக நடக்கும். தண்ணீர் ஊற்றியும் அடைக்கிறதே என்று புலம்புகிறவர்கள் பலர். ஊற்றியதால்தான் அடைக்கிறது.

உங்கள் இடத்துக்கு இதைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது. கடல் உப்பு காற்றில் வந்து படியும் கட்டடத்துக்கு ஐரோப்பியத் தரவிதியில் எக்ஸ்.எஸ்.1 என்று வகை. அதற்குத் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50க்கு மேல் போகக் கூடாது. கன மீட்டருக்கு 370 கிலோ சிமெண்ட், 170 லிட்டர் தண்ணீர் என்றால் விகிதம் 0.46. அதில் 20 லிட்டர் கூட்டினால் 0.51, எல்லை தாண்டிவிட்டது. 7 கன மீட்டர் லாரிக்கு இது 140 லிட்டர்தான், டிரைவர் ஹோஸைத் திறந்துவிட்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் போய்விடும். அன்று தெரியாது. சில வருடத்தில் தளத்தின் அடியில் கம்பி ஓடும் வரியாகத் துருக்கறை இறங்கும், பிறகு காங்கிரீட் பெயர்ந்து விழும். கரையோரப் பழைய வீடுகளின் பால்கனியை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். கிரியோலில் "மெத் இம்பே திலோ" என்று யார் சொன்னாலும், கொஞ்சம் தண்ணி ஊத்து என்கிற அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காத ஒருவரை லாரி வாயருகே நிறுத்துங்கள். கான்ட்ராக்டருக்கு அஞ்சாதவராக இருக்கட்டும், கோயில் கமிட்டியில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஸ்லம்ப் குறைந்துதான் வந்தது என்றால் அதற்கு மருந்து சூப்பர்பிளாஸ்டிசைசர், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம். ஆலையின் ஆளே வந்து, அவர்கள் சொல்லும் அளவை டிரம்மில் ஊற்றி, முழு வேகத்தில் ஐந்து நிமிடமாவது சுற்ற வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஆலையோடு பேச்சைத் தொடங்க ஓர் அளவு தருகிறேன். ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் 370 கிலோ, தண்ணீர் 170 லிட்டர், 4 மி.மீ. வரையிலான பாறை மணல் 890 கிலோ, ஜல்லி 1,060 கிலோ, ஜல்லியின் உச்ச அளவு 20 மி.மீ., அதில் சிறு ஜல்லியும் கலந்திருக்க வேண்டும். கூடவே பிளாஸ்டிசைசர், இறுகலைத் தாமதிக்கும் ரிடார்டர். ஹாப்பரில் ஸ்லம்ப் 140 மி.மீ., 20 கூடலாம், 20 குறையலாம். மொத்த மணல்-ஜல்லியில் மணல் சுமார் 46 சதவீதம். கையால் கொட்டும் காங்கிரீட்டைவிட இது மணல் கூடிய கலவை, அப்படித்தான் இருக்க வேண்டும். இரும்பு உலைக் கசடு அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட் கிடைத்தால் உப்புக்கு நல்ல காவல், ஆனால் பலம் மெதுவாக ஏறும், போட்ட தளத்தை நனைத்து வைக்கும் நாளையும் நீட்ட வேண்டும். இறுதி அளவை ஆலை தன் மணலை வைத்துச் சோதித்துத் தரட்டும், உங்கள் வடிவமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொள்ளட்டும்.

எவ்வளவு வாங்குவது? தளம் 14 × 12 × 0.15, அதாவது 25.2 கன மீட்டர். நான்கு பீம் 300 × 600 என்று வைத்தால் தளத்துக்குக் கீழே தொங்குவது 450, ஆக 6.5. சுற்று பீம் 52 மீட்டர், தளத்துக்குக் கீழே 300 × 300, அது 4.7. மொத்தம் 36.4, ஐந்து சதவீதம் சேர்த்தால் 38. பைப்பிலும் ஹாப்பரிலும் நிற்பது ஒன்று. 39 என்று சொல்லி வைத்து ஆறு லாரி கேளுங்கள். ஐந்தாவது லாரி ஓடும்போது மிச்ச இடத்தை டேப் பிடித்து அளந்து, கடைசி லாரிக்கு அளவு சொன்னால் வீணாகாது. உங்கள் பீம் அளவு வேறாக இருந்தால் இதே கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பைப்புக்கு வருவோம். உடைத்த ஜல்லிக்குப் பைப்பின் உள்விட்டம் ஜல்லியின் உச்ச அளவைப் போல் மூன்று, நான்கு மடங்காவது வேண்டும். 20 மி.மீ. ஜல்லிக்கு 100 மி.மீ. பைப் தாராளம், 75 மி.மீ. ஹோஸ் ஆபத்தான ஓரம். தூணுக்கு 75 ஹோஸ் போட்டிருந்தால் அடைப்பின் பாதி விடை அங்கேயே இருக்கிறது. 75 தான் இருக்கிறது என்றால் ஜல்லியை 10 மி.மீ.க்கு இறக்க வேண்டும்.

உராய்வுக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் பைப் போடும் விதமே மாறும். ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் ஏறத்தாழ மூன்று மீட்டர் இரும்புப் பைப்புக்குச் சமம். ஒரு 90 பாகை வளைவும் மூன்று மீட்டர். ஏற்றம் ஒவ்வொரு மீட்டருக்கும் கால் பார் அழுத்தம் தின்னும். உங்களுக்கு 45 மீட்டர் நேர்பைப், 6 மீட்டர் ஏற்றம், நான்கு வளைவு, நுனியில் 10 மீட்டர் ஹோஸ் என்று வையுங்கள். 45, 6, 12, 30 கூட்டினால் 93 மீட்டர். பத்து மீட்டர் ஹோஸ் மட்டும் மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறது. ஆகவே ஹோஸ் நுனியில் 3, 4 மீட்டர் போதும், மற்றதெல்லாம் இரும்பு. தூரத்து மூலையில் தொடங்கிப் பின்வாங்கிக்கொண்டே பைப்பைக் கழற்றுங்கள். காங்கிரீட் நிறைந்த 100 மி.மீ. ஹோஸ் மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் ஹோஸைக் குறைத்தால் பிடிக்கிறவர்களும் பிழைப்பார்கள்.

பைப்பைக் கம்பி வலைமேல் நேரே கிடத்தாதீர்கள். பம்பு ஒவ்வொரு பிஸ்டன் அடிக்கும் பைப்பை முன்னும் பின்னும் ஆட்டும், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குகள் சாய்ந்து கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். உங்களுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கவர், அதாவது அதை மூடும் காங்கிரீட், வேண்டும், அதில் 20 போனால் உப்பு கம்பியை எட்டும் காலம் பாதிக்கும் கீழே வந்துவிடும். பழைய டயர் அல்லது மர ஸ்டூல் வைத்து அதன்மேல் பைப். கவர் பிளாக் காங்கிரீட்டில் வார்த்ததாக இருக்கட்டும், கல் சில்லும் கம்பித் துண்டும் வேண்டாம். மேலேறும் பைப்பின் அடி வளைவைத் தரையில் ஒரு காங்கிரீட் கட்டையோடு பிணையுங்கள். சென்டரிங் முட்டோடு கட்டினால் அந்த ஆட்டம் முழுவதையும் முட்டுதான் வாங்கும்.

வாடகைக்குப் பேசும் முன் பம்பைப் போய்ப் பாருங்கள். இரண்டு இடத்தைப் பார்த்தால் அதன் உடல்நிலை தெரியும். ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் காங்கிரீட் சிலிண்டருக்கும் நடுவே தண்ணீர்ப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. பால் போல வெளுத்து அடியில் சாந்து படிந்தால் பிஸ்டன் ரப்பர் தேய்ந்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தால் ஹைட்ராலிக் சீல் போய்விட்டது. பிறகு ஹாப்பருக்குள் எஸ் வால்வு (இரண்டு சிலிண்டருக்கும் மாறி மாறி அசையும் வளைந்த குழாய்) வந்து உரசும், மூக்குக்கண்ணாடி வடிவ இரும்புத் தகடும் வளையமும். இரண்டுக்கும் இடையில் இடுக்கு தெரிந்தால் அழுத்தத்தில் சாந்து அந்த வழியே திரும்பி ஒழுகும், பைப்புக்குள் ஜல்லி மட்டும் போகும். பம்பே காரணமாக அடைப்பது இங்கேதான். பைப் இணைப்புகளின் ரப்பர் வளையமும் அப்படியே. எந்தக் கிளாம்பிலாவது சாந்துத் தண்ணீர் கசிந்தால் அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு அடைப்பு தயாராகிறது என்று பொருள்.

காங்கிரீட் வருவதற்கு முன் பைப்புக்குச் சாந்து ஓட்ட வேண்டும். உங்கள் நீளத்துக்கு கால் கன மீட்டர் சாந்து, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஆகச் சிமெண்ட் சுமார் 150 கிலோ. முதலில் பைப்பை நனைத்து, ஈரமான ஸ்பாஞ்சுப் பந்தை விட்டு, அதன் பின்னால் சாந்து, சாந்து ஹாப்பரில் தீர்வதற்குள் காங்கிரீட். காய்ந்த பைப்பில் முதல் காங்கிரீட்டை விட்டால் அதன் சாந்து முழுவதும் பைப் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், முதல் வளைவிலேயே நின்றுவிடும். நுனியில் வரும் சாந்தைத் தள்ளுவண்டியில் பிடித்து வெளியே கொட்டுங்கள், பீமுக்குள் போகக் கூடாது.

சாந்து வரும் நேரமும், அடைப்பு நீங்கி மறுபடி தொடங்கும் நேரமும்தான் ஆபத்தானவை. உள்ளே சிக்கிய காற்று வெடித்து வரும்போது ஹோஸ் நுனி சாட்டை போல வீசும், ஆளை அடித்து மாடியிலிருந்து தள்ளிவிடும். முதல் காங்கிரீட் நிதானமாக வரும்வரை நுனி பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஹோஸை மடிக்கவும் கூடாது, நுனியில் இரும்புக் குழாய் எதுவும் பொருத்தவும் கூடாது.

அடைப்பு வரும் முன் பம்பின் அழுத்தமானி சொல்லும். ஒவ்வொரு பிஸ்டன் அடிக்கும் அழுத்தம் படிப்படியாக ஏறினால் நிறுத்திவிட்டு மூன்று நான்கு பிஸ்டன் அடி பின்னோக்கி இழுத்து, ஹாப்பரில் கலக்கி, மெதுவாக முன்னோக்கி விடுங்கள். இரண்டு முறை செய்தும் அசையவில்லை என்றால் மேலும் தள்ளுவது அடைப்பை இறுக்கவே செய்யும். சுத்தியால் பைப்பைத் தட்டிக்கொண்டே பம்பிலிருந்து நுனி நோக்கிப் போனால் சத்தம் மாறும் இடம் தெரியும், அடைத்த பகுதி மொத்தென்று கேட்கும். வளைவுகளையும் விட்டம் குறையும் துண்டையும் முதலில் தட்டுங்கள். கிளாம்பைக் கழற்றுவதற்கு முன் பின்னோக்கி இழுத்து அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். அழுத்தம் உள்ள பைப்பைத் திறந்து கண் போனவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே காத்திருக்கும்போது ஹாப்பரைப் பாதி நிரம்பியபடி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பிஸ்டன் அடி ஓட்டுங்கள். இரும்புப் பைப்பின்மேல் ஈரச் சாக்கு போடுங்கள், வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும். அரை மணிக்கு மேல் லாரி வராது என்று தெரிந்தால் பைப்பைக் காலி செய்துவிடுவதே மேல். இங்கே சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தளம் போடும் நாளில் கோயிலில் ஏழு கறி சமைத்து வாழை இலை போடுவார்கள், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரப் பார்ப்பார்கள். பம்பு ஓடும் வரை இரண்டு பேர், இரண்டு பேராகத்தான் கீழே இறங்க வேண்டும். இல்லை, வேலையே விடியலில் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்தால் பந்தி நிம்மதியாக நடக்கும்.

விடியலில் தொடங்கச் சொல்வது பந்திக்காக மட்டும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அரை மணிக்கு ஒரு லாரி என்றால் ஆறு லாரி மூன்று, மூன்றரை மணி நேரம். காற்றின் கணக்கைப் பாருங்கள். வெளி வெப்பம் 29, ஈரப்பதம் 65 சதவீதம், காங்கிரீட் 32 டிகிரி. காற்று மணிக்கு 5 கி.மீ. என்றால் தளத்தின் மேலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு 0.35 கிலோ நீர் ஆவியாகும். காற்று 25 ஆனால் அதே தளத்தில் 1.1 கிலோ. ஒரு கிலோவைத் தாண்டினால் காங்கிரீட் இறுகும் முன்பே மேல்முகம் மயிர்க்கோடாக வெடிக்கும். வெயிலைவிடக் காற்றுதான் இந்தக் கரைக்கு எதிரி. கிழக்குப் பக்கம் ஆளுயரத்துக்கு நிழல்வலை கட்டிவிடுங்கள். காங்கிரீட் சூட்டைக் குறைக்க ஆலையில் தண்ணீரைக் குளிர்விப்பார்கள். தண்ணீர் 4 டிகிரி குறைந்தால் காங்கிரீட் ஒரு டிகிரி குறையும், ஜல்லி 2 டிகிரி குறைந்தாலே அது கிடைத்துவிடும். ஜல்லியை நனைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆலை அத்தனை காலையில் திறக்குமா, ஆண்டு முடிவு விடுமுறை எப்போது என்று இப்போதே கேளுங்கள். டிசம்பர் வரை கரும்பு லாரிகளும் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும், மிக்சர் லாரி அதன் பின்னால் மாட்டினால் உங்கள் அரை மணி ஒரு மணியாகும். அந்தப் பருவம் சூறாவளிப் பருவமும்கூட. வானிலை நிலையம் முதல் வகுப்பு எச்சரிக்கை விட்டால் தளம் போடுவதை மறந்துவிட்டு, சென்டரிங்கைக் கட்டுவதில் கவனம் வையுங்கள். காவடித் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் நாளைக் குறித்தால் ஒரு புயல் வந்து போனாலும் தாங்கும், முட்டெடுக்கவும் நேரம் இருக்கும்.

கொட்டும்போது காங்கிரீட்டை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். 300 மி.மீ. உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல், முட்டு அதற்கென்று கணக்கிட்டதில்லை. முதலில் பீம், அடுக்கு அடுக்காக, பிறகு தளம். 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசியை 350 மி.மீ. இடைவெளியில் செங்குத்தாக இறக்கிப் பத்து விநாடி, குமிழி நின்றதும் மெதுவாக எடுப்பது. ஊசியால் காங்கிரீட்டை இழுத்து நகர்த்தினால் ஜல்லி நிற்கும், சாந்து மட்டும் ஓடும். இரண்டு வைப்ரேட்டர் வேலை செய்ய, ஒன்று கூடுதலாக இருக்கட்டும். முன் ஊற்றிய ஓரத்தோடு அடுத்தது முக்கால் மணிக்குள் சேர வேண்டும்.

சமன்படுத்தி முடித்த பகுதியை உடனே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், தளம் முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதோ ஈரச் சாக்கோ, ஏழு நாளாவது, கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாளுக்கு மேல். கிணற்று நீர் வேண்டாம், கரையோரத்தில் அது உப்பேறியிருக்கும். உப்பு நீரால் நனைத்தால் கடல் காற்று பல வருடத்தில் செய்வதை ஒரு வாரத்தில் நீங்களே செய்து முடிப்பீர்கள். மழை பிந்தினால் ஆண்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வரும். 168 சதுர மீட்டரில் 3 செ.மீ. நீர் நிறுத்தவே 5,000 லிட்டர், தினமும் ஆவியாவதை நிரப்புவது தனி. இரண்டு டேங்கை முன்பே நிரப்பி வையுங்கள்.

பம்பு கழுவும் நீரைத் தெருக் கால்வாயில் விட்டால் அது நேரே கடற்கழிக்குப் போகும். சிமெண்ட் நீரின் காரம் மீனையும் பவளத்தையும் கொல்லும். முற்றத்தில் ஒரு குழி வெட்டி, தாள் விரித்து, அதில் இறக்கிக் கெட்டியானபின் அள்ளிவிடலாம். பைப்பைத் தண்ணீரால் தள்ளும் ஸ்பாஞ்சுப் பந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதுவது வேகமாக முடியும்தான், ஆனால் பந்து துப்பாக்கிக் குண்டாகப் பாயும். கோயில் முற்றத்தில் பிள்ளைகள் திரியும் நாளில் அதற்கு அனுமதிக்கவே வேண்டாம். ஹாப்பரில் மிஞ்சும் காங்கிரீட்டுக்குச் சிறு சட்டங்களைத் தயாராக வைத்தால் உறிஞ்சு குழியின் மூடி வார்த்துவிடலாம், உள்ளே கம்பி வலை போட மறக்க வேண்டாம்.